கயோட்டிக்கு .223 போதும்

நண்பரே, டெக்சாஸில் ஊருக்கு வெளியே வீடு, கோழிக்கூட்டைச் சுற்றிக் கயோட்டி (ஓநாய் இனத்துச் சிறிய காட்டுவிலங்கு), தோளில் பழைய வலி, கையில் பணமும் குறைவு, எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். .223 ரெமிங்டன் என்ற தோட்டா அளவில், ஒவ்வொரு முறை சுடவும் பூட்டைக் கையால் இழுத்துத் தள்ளும் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்குங்கள். சாவேஜ் ஆக்ஸிஸ், ரூகர் அமெரிக்கன் என்ற இரண்டு மாடல்களுமே விலை குறைந்தவை, குறி தப்பாதவை. தோட்டாவும் எங்கும் கிடைக்கும். சுடும்போது தோளில் படும் உதைப்பு மிகக் குறைவு. உங்கள் தோள் தாங்கும்.

.22 எல்ஆர் என்ற சின்னத் தோட்டா இன்னும் மலிவுதான், ஆனால் கொஞ்சம் தூரம் போனாலே பலம் போதாது. அடிபட்ட விலங்கு ஓடிப்போய்த் தவித்துச் சாகும். அது எனக்குப் பிடிக்காது. .243 நல்ல தோட்டாதான், உதைப்பு கூடுதல். உங்களுக்கு வேண்டாம்.

குழலில் .223 என்று மட்டும் பொறித்திருந்தால் பார்க்க அதே போலிருக்கும் 5.56 ராணுவத் தோட்டாவைப் போடாதீர்கள், அழுத்தம் அதிகம். பட்டதும் சிதறும் வார்மின்ட் குண்டுகளை வாங்கினால், தரையில் பட்டுத் தெறிக்கும் ஆபத்து குறையும். அப்படியும் இலக்குக்குப் பின்னால் மண்மேடு இல்லாத திசையில் சுடவே கூடாது, .223 குண்டு மைல் கணக்கில் போகும். ஊர் எல்லைக்குள் இருக்கிறீர்களா என்று முதலில் பார்த்துவிடுங்கள், பல நகரங்களில் சுடத் தடை உண்டு.

அப்புறம், கூட்டுக்குச் சாதாரணக் கோழிவலை உதவாது. கெட்டியான கம்பிவலை அடித்து, அதன் அடிப்பகுதியை மண்ணுக்குள் புதையுங்கள். துப்பாக்கி வாங்கும் முன்பே அதைச் செய்யலாம்.