மோட்டார் கேள்வி–பதில்: பெற்றோல் முள் சொல்லும் பொய்

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. அப்பா வாங்கிய கார். இப்போது கலியாண வீடுகளுக்கும் திருவிழாக்களுக்கும் மட்டுமே வெளியே எடுக்கிறேன். சில மாதங்களாக, சாவியைத் திருப்பிய கணமே பெற்றோல் முள் துள்ளிக்கொண்டு போய் ‘நிறைவு’க் கோட்டில் நின்றுவிடுகிறது. பருத்தித்துறை வீதியில் சில்லு ஏதாவது பள்ளத்தில் இறங்கினால் மட்டும் ஒரு நொடி கீழே விழுந்து, மறுபடியும் மேலே ஏறுகிறது. அதை நம்பிப் போனதில், மணப்பெண்ணின் பெரியம்மாவை ஏற்றிவந்த அன்று நடுவழியில் தாங்கி வற்றிக் கார் நின்றுவிட்டது. மீற்றரை மாற்றத்தான் வேண்டும் என்று கராச்சில் சொல்கிறார்கள். பழைய மீற்றர் ஒன்றுக்குக் கேட்கும் விலை தலையைச் சுற்றவைக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், கோப்பாய்

பதில்: அவசரப்பட்டு மீற்றரில் கைவைக்க வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், பிழை பெரும்பாலும் டிக்கிக்குக் கீழே இருக்கும் தாங்கிப் பக்கத்தில்தான் இருக்கிறது.

முள் ‘துள்ளிக்கொண்டு’ போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல் எனக்குப் பாதி வேலையை முடித்துத் தந்துவிட்டது. பழைய பிரித்தானியக் கார்களில் இரண்டு வகைப் பெற்றோல் மீற்றர்கள் உண்டு. முந்திய வகையில் இரண்டு கம்பிச்சுருள்கள் ஒரு சிறிய இரும்புத் துண்டைத் தத்தம் பக்கம் இழுக்கும். அந்த இழுபறியில் எது வெல்கிறதோ அந்தப் பக்கம் முள் சாயும். சாவி திருப்பியதும் இந்த முள் உடனே எழும்பும். காரை வளைத்துத் திருப்பும்போது தாங்கிக்குள் பெற்றோல் அலைவதற்கேற்ப ஆடவும் செய்யும். 1960களில் பரவலான பிந்திய வகையிலோ, மின்சாரத்தால் சூடேறி வளையும் ஈருலோகத் தகடு ஒன்று முள்ளைத் தள்ளுவதால், அது நித்திரையால் எழும்புகிறவரைப் போல மெல்ல மெல்லத்தான் ஏறும். உங்களுடையது முந்திய வகை.

எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளாமல் சோதனையில் இறங்கக் கூடாது, ஏனெனில் இவை இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழாக வேலை செய்கின்றன. தாங்கியில் பூட்டியிருக்கும் ராங்க் யூனிற்றில், ஒரு கம்பியின் நுனியில் இருக்கும் மிதவை பெற்றோலோடு ஏறி இறங்கி, உள்ளே சுற்றப்பட்டிருக்கும் தடைக்கம்பியின் மீது ஒரு தொடுமுனையை நகர்த்துகிறது. முந்திய வகையில், தாங்கி வெறுமையாக இருக்கும்போது தடை கிட்டத்தட்டப் பூச்சியம். நிறைந்திருக்கும்போது 70 முதல் 90 ஓம் வரை. பிந்திய வகையில் வெறுமைக்கு ஏறக்குறைய 240 ஓம், நிறைவுக்கு ஏறக்குறைய 20 ஓம். ஆகவே எங்காவது வயர் அறுந்தாலோ ஏர்த் (மின்னோட்டம் காரின் இரும்பு உடல் வழியாகப் பற்றறிக்குத் திரும்பும் தொடர்பு) விட்டுப்போனாலோ, பிந்திய மீற்றர் பெற்றோல் இல்லை என்று காட்டும். உங்களுடைய மீற்றரோ, எல்லையில்லாமல் கூடிவிட்ட அந்தத் தடையைத் தாங்கி நிறைந்திருப்பதாக எடுத்துக்கொள்ளும். முதலாவது பொய்யால் ஒருவர் வீணாகப் பெற்றோல் செற்றுக்குப் போய்வருவார், அவ்வளவுதான். பெரியம்மாவை வெயிலில் நிறுத்தியது இரண்டாவது பொய். பள்ளத்தில் முள் விழுவது, விட்டுப்போன தொடுகை அந்த அதிர்ச்சியில் ஒரு நொடி ஒட்டிக்கொள்வதால்தான். உண்மையில் உங்கள் மீற்றர் உண்மை பேசியது அந்த ஒரு நொடி மட்டுமே.

சாவி மூடியிருக்கும்போதே யூனிற்றிலிருந்து வயரைக் கழற்றி, அதன் நுனியை யூனிற்றிலிருந்து தூரத்தில், பெயின்ற் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்கமாகக் கட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு சாவியைத் திருப்புங்கள். மின்னோட்டம் ஓடுகையில் வயரைத் தட்டித் தட்டிப் பார்க்கும் பழக்கம் நம் கராச்சுகளில் உண்டு; பெற்றோல் ஆவி இருக்கும் இடத்தில் பொறி பறக்கவிடுவது மடைத்தனம். முள் வெறுமைக்கு இறங்கினால் மீற்றரும் வயரும் நல்லவை. இறங்காமல் நிறைவிலேயே நின்றால் வயர் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது.

வயர் கழன்றபடியே இருக்க, மல்ரிமீற்றரால் இரண்டு இடங்களில் அளந்து பாருங்கள். முதலில் யூனிற்றின் முனைக்கும் அதே யூனிற்றின் தகட்டுக்கும் இடையில். பிறகு முனைக்கும் காரின் உடற்பகுதிக்கும் இடையில். முதல் அளவு ஒழுங்காகவும் இரண்டாவது தாறுமாறாகவும் இருந்தால் ஏர்த் போய்விட்டது என்று தீர்மானிக்கலாம். யூனிற்றுக்கும் தாங்கிக்கும் நடுவே, பெற்றோல் கசியாமலிருக்க வைத்த, மின்சாரம் கடத்தாத பாக்கிங் ஒன்று இருப்பதால், ஏர்த் கிடைப்பது அதைப் பூட்டிய சிறிய திருகாணிகள் வழியாகத்தான்; தாங்கிக்கோ உடற்பகுதியில் பூட்டிய ஆணிகள் வழியாக. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், உப்புக் காற்றில், அறுபது வருடமாக அந்த ஆணிகள் துருவேறாமல் இருந்தால்தான் அதிசயம். யூனிற்றின் திருகாணி ஒன்றிலிருந்து உடற்பகுதிக்குத் தனியாக ஒரு முழ வயர் இழுத்து, இரண்டு முனையிலும் இரும்பு பளபளக்கச் சுரண்டிப் பூட்டி, மேலே கொஞ்சம் கிறீஸ் பூசிவிடுங்கள். உங்கள் காருக்கு இந்த வைத்தியமே போதும் என்பது என் கணிப்பு.

முதல் அளவே பிழையாக இருந்தால் பற்றறியைக் கழற்றிவிட்டு, வெளிமுற்றத்தில் வைத்து யூனிற்றை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது, ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இங்கே ஏராளம். அப்படி ஓடிய கார் ஒன்றின் யூனிற்றைக் கழற்றியபோது, நல்லெண்ணெய்ப் போத்தலின் அடிமண்டியைப் போன்ற கசடு தடைக்கம்பியை மூடிக் காய்ந்துபோயிருந்தது. மெல்லிய துணியால் துடைத்ததும் அது உயிர்பெற்றது. உப்புத்தாள் போட்டு உரைத்திருந்தால் மயிரிழை போன்ற கம்பி அறுந்திருக்கும். மிதவை பித்தளை என்றால் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே சளசளத்தால் ஓட்டை. அடுப்பங்கரைக்குக் கொண்டுபோகாமல், வெளியே வைத்த சுடுநீர்ப் பாத்திரத்தில் அதை அமிழ்த்தினால் குமிழி வரும் இடத்தில் ஓட்டை தெரியும். உள்ளே போன பெற்றோல் முழுவதும் வெளியேறிக் காய்ந்த பிறகுதான் ஈயம் பற்றவைக்க வேண்டும்.

எல்லாம் பூட்டியபின், வற்றிய தாங்கியில் அளந்து 5 லீற்றர் ஊற்றி, சமதரையில் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலும் 5 லீற்றர் ஊற்றி மறுபடியும் குறியுங்கள். உங்கள் காரின் தாங்கி 6½ கலன், அதாவது ஏறக்குறைய 29½ லீற்றர் கொள்ளும். முள் சமமான இடைவெளியில் நகராது, அதைப் பொருட்படுத்த வேண்டாம். வெறுமைக் கோட்டில் முள் நிற்கும்போது தாங்கியில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்தாலே போதும்; அதில் பிழை இருந்தால் மிதவைக் கம்பியைச் சற்றே வளைத்துத் திருத்தலாம்.

கேள்வி: என்னுடைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஏ-60 காரில் பெற்றோல் முள்ளும் வெப்பநிலை முள்ளும் மெல்ல ஏறி, இரண்டுமே அளவுக்கு மீறிக் காட்டுகின்றன. என்ஜின் சூடாகவில்லை. இரண்டு மீற்றரும் ஒன்றாகவா பழுதாகும்?
– வாசகர், நெல்லியடி

பதில்: ஆகாது. மெல்ல ஏறும் மீற்றர்களுக்குச் சராசரியாக 10 வோல்ற் மட்டும் கொடுப்பதற்கென்று, முகப்புப் பலகையின் பின்னால் தீப்பெட்டியிலும் சிறிய வோல்ற் நிலைப்படுத்தி ஒன்று இருக்கும். அதன் உடலுக்கு ஏர்த் கிடைக்காவிட்டால் பற்றறியின் முழு வோல்ற்றும் மீற்றர்களுக்குப் போய்விடும். கழற்றிச் சுரண்டிப் பூட்டிப் பாருங்கள், சரிவராவிட்டால் மாற்றுங்கள். இப்போது கிடைக்கும் இலத்திரனியல் வகையை வாங்குவதானால், உங்கள் காரில் பற்றறியின் நேர்முனை ஏர்த்தா, எதிர்முனை ஏர்த்தா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மாறிப் பூட்டினால் சாவி திருப்பியதுமே கருகிவிடும்.

கேள்வி: புதிய இந்தியக் கார் ஒன்றின் ராங்க் யூனிற்றை ஒஸ்ரின் ஏ-40க்குப் போடலாமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: துளையிலும் கம்பியின் நீளத்திலும் பொருந்தச் செய்துவிடலாம், ஓம் அளவு பொருந்தாவிட்டால் முள் ஒருபோதும் பொருந்தாது. உங்களுடையதும் முள் துள்ளும் முந்திய வகை மீற்றர் என்றால், கடையிலேயே மிதவையை மேலும் கீழும் தூக்கி அளந்து பார்த்து, வெறுமைக்குப் பூச்சியமும் நிறைவுக்கு 70–90 ஓமும் காட்டினால் மட்டும் காசைக் கொடுங்கள்.