எஸ்.எஸ். என்றார்கள், கறள் பிடித்தது: வீட்டுச் சாமான் கேள்வி-பதில்

கடற்கரைக்குக் கிட்ட வீடு. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று வாங்கிய பிணைச்சல்களும் தாழ்ப்பாள்களும் இரண்டு மாதத்தில் கறள் பிடித்துவிட்டன. காந்தம் ஒட்டாததைக் காட்டித்தான் கடைக்காரர் விற்றார். இப்போது "கடற்காற்றுக்கு நாங்கள் என்ன செய்ய?" என்கிறார்.
- வாசகர், பருத்தித்துறை

இந்தக் காந்த வித்தையைப் பற்றி எழுத எத்தனையோ நாளாக நினைத்திருந்தேன். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஸ்.எஸ். என்று ஊர் முழுக்க நம்புகிறது. அது தவறு. 201 என்ற மலிவு ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். கடையில் கண்ணாடி மாதிரி மினுங்கும், உப்புக் காற்று பட்டதும் மண்ணிறப் புள்ளி விழும். 304 ரகத்தில் ஏறத்தாழ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் இருக்கும். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் வீடுகளுக்கு அது போதும். உங்களைப் போல் அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் இருப்பவர்களுக்கு 316தான் நல்லது. அதில் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் சேர்கிறது. உப்பிலுள்ள குளோரைட்டு உலோகத்தைக் குழி குழியாக அரிப்பதை எதிர்த்து நிற்பது அதுதான். விலை கூட. கட்டாவிட்டால் பித்தளைப் பிணைச்சல் பாருங்கள். நிறம் மங்கும், ஆனால் இரும்பு போல உக்கிக் கொட்டாது. திருகாணியையும் அதே உலோகத்தில் கேளுங்கள். நல்ல பிணைச்சலுக்குச் சாதாரண இரும்பு ஆணி அடித்தால் கறள் அங்கிருந்துதான் வடியும்.

என் வீட்டு மாடிக் கைப்பிடிக்கு 304 என்று காசு வாங்கினார்கள். இரண்டாவது மாரிக்குள் வெல்டிங் பிடித்த இடமெல்லாம் மண்ணிறமாகிவிட்டது. பில்லில் "எஸ்.எஸ். கைப்பிடி" என்று மட்டும் எழுதியிருந்தார்கள், ரக எண் இல்லை. அதை வைத்தே கையை விரித்துவிட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன்: 304, 316 என்ற எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில் முறைப்பாடு செய்யக் காலம் இன்னும் இருக்கிறது. மன்னார் வாசகிக்குக் கீழே எழுதியதை நீங்களும் செய்யுங்கள்.

புதுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. பழுதான சாமானைத் தந்துவிட்டார்களா?
- வாசகி, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

இல்லை. குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கல்லில் இருக்கின்றன, படிவது அந்தச் சுண்ணாம்புதான். வினாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றிச் சூடாக்கி, ஆற விட்டுக் கழுவுங்கள்.

ஒரே மல்டி பிளக்கில் பிரிட்ஜ், அயன், சோறு ஆக்கும் குக்கர். பிளக் கருகின மாதிரி இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் பாவிக்கலாமா?
- வாசகர், மட்டக்களப்பு

கூடாது. இன்றைக்கே கழற்றுங்கள்.

கூரை வேலைக்கு மேசன் முழுக் காசையும் முதலிலேயே கேட்டார், கொடுத்தேன். பில் இல்லை, விலாசமும் தெரியாது. இப்போது போன் எடுக்கிறார் இல்லை.
- வாசகர், வவுனியா

விலாசம் தெரியாதவருக்கு முழுக் காசு! இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதிவிட்டேன். சாமானை நீங்களே வாங்கிக் கொடுங்கள், கூலியை வேலை முடிய முடியக் கொடுங்கள். வங்கியில் போட்ட காசென்றால் அந்த ரசீதோடு பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். கையில் கொடுத்த காசென்றால், கொடுத்ததைப் பார்த்தவர் யாராவது உண்டா என்று முதலில் தேடுங்கள்.

கணவர் இல்லை, தையல் காசில் சேர்த்துப் புதுப் பிரிட்ஜ் வாங்கினேன். ஆறு கிழமையில் நின்றுவிட்டது. திருத்த வந்த பையன், இது பழைய பிரிட்ஜ், வெளியில் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்றான். கடையில் எரிந்து விழுகிறார்கள்.
- வாசகி, மன்னார்

அம்மா, உங்களில் எந்தப் பிழையும் இல்லை. புதுசு என்று பழசை விற்றது ஏமாற்று. இனி அந்தப் பிரிட்ஜை யாரும் கழற்ற விடாதீர்கள். பின்பக்கம், தொடர் இலக்கம், பெயின்ட் உரிந்த இடம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். அந்தப் பையன் கண்டதை ஒரு தாளில் எழுதி ஒப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். பில்லையும் உத்தரவாத அட்டையையும் கடையில் கொடுக்காதீர்கள், பிரதி மட்டும் கொடுங்கள்.

அப்புறம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்புங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி அவர்கள் விசாரிக்கலாம். ஆனால் வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு ஆறு கிழமை போய்விட்டது, இந்த வாரமே அனுப்புங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம், அழைத்ததோடு நின்றுவிடாதீர்கள். பில் தரவில்லையா? கேட்டால் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. யாரையாவது கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

மழை தொடங்கிவிட்டது, அஸ்பெஸ்டஸ் கூரை ஒழுகுகிறது. துளை போட்டுத் தகரம் வைத்து அடைக்கலாமா?
- வாசகர், திருகோணமலை

துளைக்கவும் வேண்டாம், அரத்தால் தேய்க்கவும் வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. ஈரமான சீற்றில் ஏறினால் வழுக்கும், பழைய சீற் உடைந்து ஆளே கீழே விழலாம். பல வீடுகளில் ஒழுகுவது சீற் அல்ல, போல்ட்டின் காய்ந்துபோன றப்பர் வோஷர். இப்போதைக்குத் தறப்பாள் போட்டு ஓரங்களைக் கட்டுங்கள். மழை விட்ட பிறகு தெரிந்த ஆளை வைத்து, சீற்றில் கால் வைக்காமல் குறுக்கே பலகை போட்டு, வோஷரை மாற்றுங்கள்.