கணினிக் கேள்வி–பதில்: வரம்பு தனி, வாய்க்கால் பொது

கேள்வி: கல்முனையில் ஓர் அச்சகத்தில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து வருகிறேன். பழைய தமிழ் இணையத்தளங்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் உள்ள பகுதிகளை இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடாக மாற்றிக் காட்டும் குறோம் நீட்சியொன்றை (உலாவியில் சேர்க்கும் சிறு நிரல்) ஓய்வு நேரத்தில் எழுதினேன். என் கணினியில் அது குறையின்றி ஓடுகிறது. ஆனால் நண்பர்களுக்குக் கொடுத்தபோது, ஒருவரிடம் பக்கம் அப்படியே உறைந்துவிடுகிறது. இன்னொருவரிடம் நான் வைத்த பொத்தான் உருக்குலைந்து தெரிகிறது. மூன்றாமவரிடம், அவர் ஏற்கெனவே நிறுவியிருந்த எழுத்துரு மாற்றும் நீட்சியை அணைத்தால் மட்டுமே என்னுடையது வேலை செய்கிறது. மாறிகளின் பெயர்கள் அனைத்துக்கும் முன்னொட்டு இட்டு, முழு நிரலையும் ஒரே பொருளுக்குள் அடக்கிவிடும்படி ஒரு பழைய பயிற்சிக் குறிப்புச் சொல்கிறது. எல்லாவற்றையும் திருப்பி எழுதத்தான் வேண்டுமா, ஐயா?

பதில்: வேண்டாம். நீங்கள் பாடுபட்டு உருவாக்கியிருக்கும் எழுத்து மாற்ற அட்டவணையில் கை வைக்கவே தேவையில்லை. அந்தப் பழைய குறிப்பு, தன் காலத்துக்குச் சரியான ஒன்றுதான். பயர்பொக்ஸ் உலாவியின் பழைய நீட்சிகளில் பல உலாவிச் சாளரத்தின் ஒரே பொது வெளியில் ஓடின; இரண்டு நீட்சிகள் ஒரே பெயரில் ஒரு மாறியை வைத்திருந்தால், பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிடும். 2017 நவம்பரில் வெளிவந்த பயர்பொக்ஸ் 57 அந்த முறையைக் கைவிட்டது. குறோமில் பக்கத்தினுள் செயற்படும் கொன்டென்ட் ஸ்கிரிப்ட், நீட்சிக்கு நீட்சி பிரிக்கப்பட்ட தனி உலகில் ஓடுகிறது. உங்கள் மாறி அடுத்த நீட்சிக்குத் தெரியாது, அதன் மாறி உங்களுக்கும் தெரியாது. ஆகவே பெயர்களுக்கு முன்னொட்டு இடுவதில் ஒரு வாரத்தைச் செலவிட்டாலும் உங்கள் நண்பரின் கணினி உறைவது நிற்கப்போவதில்லை.

பிரிக்கப்படாதது பக்கம்தான். அம்பாறைப் பக்கம் வயல் செய்பவர்களுக்கு இது உடனே விளங்கும்: வரம்பு அவரவருக்குத் தனி, வாய்க்கால் எல்லோருக்கும் பொது. பக்கத்தின் உறுப்பு மரமும், அதன் அலங்கார விதிகளும், விசை அழுத்தங்களும் பொது வாய்க்காலில் ஓடுபவை. அங்கே முறை வைத்துத் தண்ணீர் விட வட்டவிதானையாரும் இல்லை. உங்கள் நிரலில் அந்த வாய்க்காலைத் தொடும் வரிகளை மட்டும் தேடி எடுத்துத் திருத்துங்கள்.

முதலில் உறைதல். மூன்றிலும் மோசமானது இதுவே. பக்கத்தின் உடற்பகுதி முழுவதையும் ‘இன்னர் எச்டிஎம்எல்’ வழியாக ஒரே சரமாக எடுத்து, மாற்றி, திரும்ப வைக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். புதிதாக எழுதுபவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் தொடங்குவார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். அவ்வாறு செய்யும்போது பழைய உறுப்புகள் யாவும் அழிந்து புதியவை பிறக்கின்றன. மற்ற நீட்சிகள் அவற்றில் பொருத்தியிருந்த கேட்பான்களும் (சொடுக்கு, விசை அழுத்தம் முதலியவற்றுக்குக் காத்திருக்கும் நிரல்கள்) கூடவே போய்விடுகின்றன. பதற்றமடைந்த அந்த நீட்சி தன் பொருட்களை மீண்டும் செருகும். பக்கத்தின் மாற்றங்களைக் கவனிக்க நீங்கள் வைத்திருக்கும் மியூட்டேஷன் ஒப்சேவர் அதைப் புதிய மாற்றமாகக் கண்டு மறுபடியும் முழுப் பக்கத்தையும் எழுதும். இந்த வாக்குவாதத்துக்கு முடிவே இல்லை. இதற்குப் பதிலாக, ‘ட்ரீ வோக்கர்’ கொண்டு எழுத்துக் கணுக்களை மட்டும் ஒவ்வொன்றாக அடைந்து, அந்தக் கணுவின் மதிப்பை மட்டும் மாற்றுங்கள். ஸ்கிரிப்ட், ஸ்டைல், உள்ளீட்டுப் பெட்டி, வாசகர் திருத்தக்கூடிய பகுதி ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். எழுதுவதற்கு முன் ஒப்சேவரைத் துண்டித்து, எழுதி முடித்தபின் மீண்டும் இணையுங்கள். இல்லையேல் உங்கள் சொந்த எழுத்தே உங்களைத் திரும்ப எழுப்பும். எந்தக் கணுவில் என்ன எழுதினீர்கள் என்பதை, உங்கள் நிரலுக்குள்ளேயே இருக்கும் ‘வீக் மெப்’ என்ற குறிப்புப் பட்டியலில் குறித்து வையுங்கள். அதை உறுப்பின் பண்பாகக் குறித்தால் அதுவும் பொது இடத்தில் செய்த மாற்றமாகிவிடும். நீங்கள் எழுதியதை வேறொருவர் மாற்றினால் ஒரு தடவை திரும்ப எழுதலாம். இரண்டாம் தடவையும் மாறினால் அந்தக் கணுவை விட்டுவிடுங்கள். ஒரு சொல் பாமினியிலேயே கிடப்பது, வாசகரின் கணினி நின்றுபோவதைவிட மேல்.

பொத்தானின் கதை எளிது. அதற்கு நீங்கள் இட்டிருக்கும் வகுப்புப் பெயர் நூறு தளங்களிலும் பத்து நீட்சிகளிலும் இருக்கும் பொதுப்பெயராக இருக்கலாம். பொத்தானை ஷேடோ டொம் என்னும் மூடிய கிளைக்குள் வையுங்கள். வெளியே உள்ள விதிகள் உள்ளே இருக்கும் உறுப்புகளைத் தெரிந்தெடுக்க முடியாது. ஆனால் நிறம், எழுத்துரு போன்ற மரபுரிமையாக இறங்கும் பண்புகள் அதனுள்ளும் வரும் என்பதால், கிளையைத் தாங்கும் உறுப்பில் எல்லாப் பண்புகளையும் தொடக்க நிலைக்கு மீட்கும் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முழுப் பக்கத்தின் நிறங்களையும் தலைகீழாக்கும் இருள் நிலை நீட்சிகளிடமிருந்து இதுவும் உங்களைக் காப்பாற்றாது. பொத்தான் கறுப்பாகத் தெரிந்தால் தெரியட்டும்.

எழுத்துரு மாற்றும் நீட்சியுடனான மோதல்தான் எனக்குச் சுவையாக இருந்தது. ஒரு பகுதி பாமினியா அல்லவா என்பதை, உலாவி இறுதியாகக் கணித்துத் தரும் எழுத்துருப் பெயரைப் பார்த்து நீங்கள் முடிவு செய்வீர்களாயின், மற்ற நீட்சி அந்தப் பெயரை மாற்றிய கணமே உங்கள் நீட்சி குருடாகிவிடுகிறது. அச்சகத்தில் இருப்பவருக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை: பாமினியில் ‘தமிழ்’ என்பது ஜே, கே, பீ, ஓ ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகளும் இறுதியில் ஓர் அரைப்புள்ளியும்தான், அங்கே அரைப்புள்ளியே மெய்யெழுத்தின் புள்ளி. ஆங்கில எழுத்துகளால் ஆன ஒரு பந்தியில் சொல்லின் நடுவிலும் முடிவிலும் அரைப்புள்ளிகள் அடிக்கடி வருமானால் அது ஆங்கிலமாக இருக்க வழியில்லை. முதலில் ‘ஃபொன்ட்’ குறியின் எழுத்துருப் பண்பைப் பாருங்கள், அது இல்லையேல் இந்த அரைப்புள்ளிச் சோதனையைச் செய்யுங்கள், கணிக்கப்பட்ட எழுத்துருவைக் கடைசிச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்கிரிப்ட் குறியொன்றைப் பக்கத்துக்குள் செருகியோ, நீட்சியின் விவரக் கோப்பான மானிஃபெஸ்டில், பக்கத்தின் சொந்த நிரல் ஓடும் முதன்மை உலகைக் கேட்டோ உங்கள் நிரலை ஓட்டினால் தனி உலகின் பாதுகாப்பு போய்விடும். அங்கே பழைய குறிப்பின் அறிவுரை இன்றும் செல்லும். உங்கள் வேலைக்கு அது தேவையில்லை.

திருத்தியபின் புதிய உலாவிக் கணக்கொன்றைத் திறந்து, நண்பரிடம் உள்ள அதே நீட்சிகளை நிறுவிச் சோதியுங்கள். குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக அணைக்காமல் பாதி பாதியாக அணையுங்கள். பன்னிரண்டு நீட்சிகள் இருந்தாலும் நான்கு சுற்றுக்குள் ஆள் அகப்படும்.

கேள்வி: ஆரையம்பதியிலிருந்து எழுதுகிறேன். என் நீட்சியில் தமிழ்த் தட்டச்சை இயக்க ஒரு குறுக்கு விசை வைத்திருக்கிறேன். சில கணினிகளில் அது அசைவதே இல்லை. பிழைச் செய்தியும் வருவதில்லை.

பதில்: நீங்கள் மானிஃபெஸ்டில் கேட்பது ஒரு பரிந்துரை மட்டுமே. அந்த விசையை வேறொரு நீட்சி முன்பே எடுத்திருந்தால், குறோம் உங்களுக்கு அதை வழங்காமல் பேசாமல் இருந்துவிடும். ஒரு நீட்சி நான்கு விசைகள் வரைதான் இப்படிப் பரிந்துரைக்க முடியும். நிறுவிய உடன் உங்கள் கட்டளைகளின் பட்டியலை நிரலில் கேட்டுப் பாருங்கள். விசைக்குரிய இடம் வெறுமையாக வந்தால், நீட்சிகள் பக்கத்தின் குறுக்கு விசைப் பகுதியில் தாமே ஒன்றைத் தெரிவு செய்யும்படி பயனருக்கு ஒரு வரியில் சொல்லுங்கள். இதைத் தவிர்க்க எண்ணிப் பக்கத்தினுள் விசை அழுத்தங்களைப் பிடித்து, பிறருக்குப் போகாமல் நிறுத்தும் குறுக்குவழியில் இறங்காதீர்கள். அவ்வாறு செய்தால் அடுத்த மாதம் இதே கேள்வியை உங்கள் நீட்சியைப் பற்றி வேறொருவர் எனக்கு எழுதுவார்.