மாவடு பாக்கெட்டுக்கு மட்டும் மெட்டல் டிடெக்டர் ஏன் கத்துகிறது?

காரைக்குடிப் பக்கம் பலகாரமும் ஊறுகாயும் போட்டு விற்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "சீப்புச் சீடை, தேன்குழல் போனால் மெஷினில் சத்தமே இல்லை. மாவடு பாக்கெட் போனால் ஒவ்வொன்றுக்கும் கத்துகிறது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. சென்சிடிவிட்டியைக் குறைத்தால் நின்றுவிடுகிறது. அப்படியே விடலாமா?"

விடாதீர்கள். குறைத்து வைத்தால் உப்புத் தண்ணீருக்குக் கத்தாது, சரி, ஆனால் நிஜமாகவே கம்பித் துண்டு போனாலும் கத்தாது.

பாக்கெட் நுழையும் வாயைச் சுற்றி உள்ளே மூன்று காயில்கள் (கம்பிச் சுருள்கள்) இருக்கின்றன. நடுக் காயில் மின்காந்தப் புலத்தை உண்டாக்கும். இரு பக்கமும் சம தூரத்தில் உள்ள மற்ற இரண்டும் அதை வாங்கும். அவற்றை எதிரெதிராக இணைத்திருப்பதால் ஒன்றின் மின்னழுத்தம் இன்னொன்றைக் கழித்து, தராசு முள் மாதிரி பூஜ்யத்தில் நிற்கும். இரும்பு வந்தால் காந்தப் புலத்தைத் தன் பக்கம் இழுத்து அந்தச் சமநிலையைக் கெடுக்கும். பித்தளையும் அலுமினியமும் தமக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகிக் கெடுக்கும். உப்பு ஊறிய மாவடுவும் மின்சாரத்தைக் கடத்துவதால் அதுவும் கெடுக்கிறது. சீடை காய்ந்த பொருள், அதனால்தான் சத்தமில்லை.

மாவடுவுக்கென்று தனி செட்டிங் போடுங்கள். நல்ல பாக்கெட்டுகளைத் திரும்பத் திரும்ப விட்டால், மாவடுவின் சிக்னல் எப்படி இருக்கும் என்று மெஷின் பழகி அதை ஒதுக்கிவிடும். எடையும் சூடும் தினமும் ஒரே மாதிரி இருக்கட்டும், அவை மாறினால் சிக்னலும் மாறும். அந்த மின்காந்தப் புலத்தின் அதிர்வெண்ணை மாற்றும் வசதி இருந்தால், ஈரப் பொருளுக்குக் குறைவாகவும் காய்ந்த பொருளுக்குக் கூடுதலாகவும் வையுங்கள்.

இவ்வளவு செய்தாலும் எவர்சில்வர்தான் பெரிய தொல்லை. 304, 316 ரகங்களில் காந்தம் ஒட்டாது, மின்சாரத்தையும் அவ்வளவாகக் கடத்தாது. அதனால் சீடையில் சிக்கும் அளவுள்ள துண்டு மாவடுவில் தப்பிப் போகும். உடைந்த சல்லடைக் கம்பி இன்னும் மோசம், எவர்சில்வர் கம்பி பெல்ட் ஓடும் திசையிலேயே நீளமாகக் கிடந்தால் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதன் தடிமன்தான் கணக்கு. ஆகையால் மிளகாய்ப் பொடியை மாங்காயோடு சேர்ப்பதற்கு முன்பே, காய்ந்த நிலையில் ஒருமுறை மெஷினில் விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் அதிகப் பலன் தரும். மில் வாயில் காந்தம் வைப்பதும் நல்லதுதான், ஆனால் அது இரும்பை மட்டுமே பிடிக்கும்.

அலுமினியம் ஃபாயில் பவுச்சாக இருந்தால் இந்த மெஷின் உதவாது. அடைக்கும் முன் சோதியுங்கள், இல்லையென்றால் எக்ஸ்ரே மெஷின்தான். சின்னப் பாக்கெட்டுக்குப் பெரிய வாயுள்ள மெஷினும் வேண்டாம், வாய் பெரிதாகப் பெரிதாக நுட்பம் குறையும்.

வேலை தொடங்கும்போதும் மணிக்கொரு முறையும் முடிக்கும்போதும் இரும்பு, பித்தளை, எவர்சில்வர் சோதனைத் துண்டுகளை வாயின் நடுவில் வருகிற மாதிரி பாக்கெட்டோடு விட்டுப் பாருங்கள், நடுவில்தான் மெஷினுக்குப் பார்வை மட்டு. ஒன்றைத் தவறவிட்டாலும், கடைசியாகச் சரியாகப் பிடித்த நேரத்துக்குப் பிறகு போன பாக்கெட் அத்தனையையும் நிறுத்தி, கோளாறைச் சரிசெய்த பின் மறுபடி விடுங்கள்.