விண்ணிலிருந்து வந்த படம் ஏன் சாய்ந்தது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சர்வதேச விண்வெளி நிலையம் எஸ்.எஸ்.ரி.வி. முறையில், அதாவது ஒலியாக மாற்றி வானொலி வழியே, அனுப்பிய படமொன்றைக் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து, மடிக்கணினியில் அந்த ஒலியை மீண்டும் படமாக்கும் பழைய எம்.எம்.எஸ்.எஸ்.ரி.வி. மென்பொருளுக்குக் கொடுத்தேன். படம் தெளிவாக வந்தாலும் நேர்கோடாகச் சாய்ந்து, அடிவரிக்கு வரும்போது அகலத்தில் மூன்றிலொரு பங்கு விலகி நிற்கிறது. நிலையத்தின் வேகத்தால் அலையின் மீடிறன் (அதிர்வெண்) மாறும் டொப்ளர் விளைவே காரணம் என்கிறார் ஒரு நண்பர். மென்பொருள் பழசு என்கிறார் மற்றவர். யார் சொல்வது சரி? (வாசகர் ஒருவர், மானிப்பாய்)

பதில்: இருவரும் சொல்வது சரியன்று. எஸ்.எஸ்.ரி.வி. முறையில் படப்புள்ளியின் ஒளிர்வு ஓர் ஒலி மீடிறனாக மாற்றி அனுப்பப்படுகிறது. கறுப்புக்கு 1500 ஹேர்ட்ஸ், வெள்ளைக்கு 2300 ஹேர்ட்ஸ், வரியின் தொடக்கத்தைக் காட்டும் ஒத்திசைவுத் துடிப்புக்கு 1200 ஹேர்ட்ஸ். விண்வெளி நிலையம் பெரும்பாலும் கையாளும் பி.டி.120 முறையில், 640 புள்ளி அகலமும் 496 வரி உயரமும் உள்ள படம் வந்து முடிய ஏறத்தாழ 126 செக்கன் ஆகும். ஒரு புள்ளிக்குக் கிடைப்பதோ 0.19 மில்லிசெக்கன்தான். இந்த நேரத்தை மென்பொருள் கணினியின் மணிக்கூட்டைப் பார்த்து அளப்பதில்லை. கணினியின் ஒலி அட்டை ஒலியைச் சீரான இடைவெளியில் அளந்து தரும் மாதிரிகளை எண்ணி அளக்கிறது. செக்கனுக்கு 11025 மாதிரி வருகிறது என்று அது நம்பியிருக்க, அந்த வேகத்தைத் தீர்மானிக்கும் அட்டையிலுள்ள பளிங்கு பத்து இலட்சத்தில் 100 பங்கு பிழையாக ஓடினால், படம் முடிவதற்குள் 12.6 மில்லிசெக்கன் சேர்ந்து, கடைசி வரி சுமார் 66 புள்ளி நகர்ந்துவிடும். உங்கள் படத்தின் விலகல் பத்து இலட்சத்தில் 320 பங்கு அளவிலான பிழையைக் காட்டுகிறது.

டொப்ளர் விளைவு இல்லையென்று நான் சொல்லவில்லை. 145.800 மெகாஹேர்ட்ஸில் அது ஒலியைச் சுமந்துவரும் காவி அலையை ஏறத்தாழ 3.5 கிலோஹேர்ட்ஸ் வரை நகர்த்துகிறது. ஆனால் நிலையம் கையாளும் மீடிறன் பண்பேற்றத்தில் (எஃப்.எம்.) அந்த நகர்வு ஒலியின் சுருதியை அந்த அளவுக்கு மாற்றாது. நிலையம் செக்கனுக்கு 7 கிலோமீற்றர் வேகத்தில் நம்மை நெருங்கினாலும், ஒலி சுருங்குவது பத்து இலட்சத்தில் 23 பங்கு மாத்திரமே. படத்தில் அது 15 புள்ளியளவு விலகலாகும். மேலும் நிலையம் தலைக்கு மேலாகக் கடக்கும்போது நெருங்குதல் விலகுதலாக மாறுவதால், அந்த வேளையில் வரும் படம் வில்போல் இலேசாக வளையுமேயன்றி நேராகச் சாயாது. நேர்கோட்டுச் சாய்வைக் கண்டால் ஒலி அட்டையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் விடயத்தில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. தொலைபேசி தான் பதிந்ததைத் தானே ஒலிக்கச் செய்தால், பதிவின் பிழையும் ஒலிப்பின் பிழையும் பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிவிடும். மடிக்கணினியின் பிழை மட்டும் எஞ்சும். கோப்பைக் கணினிக்கு மாற்றி அங்கேயே ஒலிக்கச் செய்து அதே ஒலி அட்டை வழியே மென்பொருளுக்குக் கொடுத்தால், எஞ்சுவது தொலைபேசியின் பிழை. எந்த வழியில் கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டையும் செய்து ஒப்பிட்டால் குற்றவாளி எதுவென்று தெரிந்துவிடும்.

ஜப்பானிய அமெச்சூர் வானொலியாளர் மகோட்டோ மோரி எழுதிய இம்மென்பொருளுக்குள்ளேயே இதற்கான மருந்து உண்டு. சிற்றலை வானொலி இருந்தால் சீனாவின் பி.பி.எம். நேரச் சமிக்ஞையை 10 அல்லது 15 மெகாஹேர்ட்ஸில் பிடித்து, அமைப்புப் பகுதியிலுள்ள கடிகாரச் சீராக்கத்தில் அந்தத் துடிப்புகள் திரையில் வரையும் கோட்டை நிமிர்த்திவிடலாம். ஒலி அட்டையை மாற்றினால் மறுபடியும் செய்ய வேண்டும். தானியங்கிச் சாய்வுத் திருத்தமும் அதில் இருக்கிறது. சமிக்ஞை பலமாக இருக்கும்போது அதை நம்பலாம், இரைச்சல் மிகுந்தால் அது தவறாகவும் திருத்திவிடும்.

கேள்வி: விண்டோஸ் 10 கணினியில் அதே மென்பொருள் திறக்கிறது, ஆனால் படம் வரத் தொடங்குவதே இல்லை. (வாசகி ஒருவர், பருத்தித்துறை)

பதில்: முதலில் விண்டோஸின் தனியுரிமை அமைப்பில், மேசைக்கணினிச் செயலிகள் ஒலிவாங்கியைப் பயன்படுத்த அனுமதி உண்டா என்று பாருங்கள். அடுத்து இரைச்சல் நீக்கம் முதலிய “மேம்படுத்தல்கள்” அனைத்தையும் நிறுத்துங்கள். மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்ட அவை, தொடர்ந்து ஒலிக்கும் எஸ்.எஸ்.ரி.வி. ஒலியை இரைச்சலென்று கருதி அமுக்கிவிடக்கூடும். வானொலியின் ஸ்குவெல்ச் (சமிக்ஞை பலவீனமானால் ஒலியை அடைக்கும் அமைப்பு) திறந்தே இருக்கட்டும். படத்தின் முன்னால் வந்து எந்த முறையென்று மென்பொருளுக்குச் சொல்லும் அடையாளச் சமிக்ஞையைத் தவறவிட்டிருந்தால், பி.டி.120 என்று கையால் தெரிவுசெய்யுங்கள். வானொலியிலிருந்து கம்பி வழியே ஒலியைக் கொடுப்பதே நல்லது. கைத்தொலைபேசியை ஒலிபெருக்கிக்கு அருகே பிடிக்கும் வழக்கம் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நம் ஊரில் எடுபடாது.

கேள்வி: நானும் படம் அனுப்பலாமா? (மாணவர் ஒருவர், சாவகச்சேரி)

பதில்: அனுப்புவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரம் வேண்டும்.