நடந்து போகிற தூரம்தான்

கேள்வி: சென்ற இதழில் ‘டெல்டாவை எழுதியவர்கள்’ பட்டியலில் மைதிலி சிவராமன் பெயரைப் போட்டிருந்தீர்கள். சென்னையில் இருந்தவர், எழுதியதோ இங்கிலீஷில், போதாக்குறைக்குக் கட்சிக்காரர். அவரைப் பத்திரிகையாளர் என்று எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள்?
— ஒரு வாசகர், வலங்கைமான்

பதில்: போனார், பார்த்தார், கேட்டார், எழுதினார். அந்தக் கணக்கில்தான்.

நியூயார்க்கில் ஐ.நா.வுக்கான இந்தியத் தூதுக்குழுவில் ஆய்வு உதவியாளராக இருந்தவர் அவர். அதை உதறிவிட்டு 1968-ல் ஊர் திரும்பினார். அதே வருஷம் டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். எல்லாம் தலித் கூலிக் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயசாளிகள். கூலித் தகராறு, விவசாயிகளுக்குள் மோதல் என்றெல்லாம் செய்தி வந்துகொண்டிருந்த நேரத்தில் மைதிலி அந்தச் சேரிக்கே போய்விட்டார். திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். நமக்குப் பக்கம், அவருக்குத் தூரம். நம்மில் எத்தனை பேர் போனோம்? நானே நிருபராக இருந்த காலத்தில் ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துக்கொண்டே ‘சம்பவ இடத்திலிருந்து’ என்று செய்தி அனுப்பியவன்தான். அதனால் இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் சுடுகிறது.

‘கூலியில் அரைப்படி நெல் அதிகமாகக் கேட்டார்கள், அதற்காக எரித்தார்கள்’ என்று இன்றைக்கும் சொல்கிறோம். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு அரைப்படி கிடக்கிறது. இறக்கி, நெல்லைப் போட்டுத் தலைதட்டிப் பார்த்தேன். குத்தினால் உழக்கு அரிசி தேறினால் அதிகம். ஒரு ஆள் ஒரு வேளை வயிறு நிறையச் சாப்பிடலாம். பெரிய நிலக்காரரான மிராசுதாருக்கு இது ஒரு இழப்பா? களத்தில் குருவி தின்கிற நெல்லே இதைவிட அதிகம். மிராசுதார்களுக்கு உறுத்தியது அரைப்படி அல்ல, சேரியில் பறந்த கம்யூனிஸ்ட் சங்கத்துச் செங்கொடி. கொடியை இறக்கு, எங்கள் நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர் என்றார்கள். பண்ணையாள் முடியாது என்றான். சாதியைத் தனியாகவும் கூலியைத் தனியாகவும் பிரித்துப் பேசினால் இது புரியாது. இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி அப்போதே எழுதியவர்களில் மைதிலி முக்கியமானவர்.

இங்கிலீஷ் விஷயத்துக்கு வருகிறேன். கீழ்க்கோர்ட்டு 1970-ல் தண்டித்தவர்களை ஹைகோர்ட்டு 1973-ல் விடுவித்தது. காரணம் ஞாபகம் இருக்கிறதா? குற்றம்சாட்டப்பட்டவர்கள் எல்லாம் பெரிய நிலக்காரர்கள், ஒருவர் கார்கூட வைத்திருக்கிறார், இப்படிப்பட்டவர்கள் வேலையாள் துணைகூட இல்லாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைப்பார்கள் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறதாம். பக்கத்து ஊர் ஐயா அது! வரப்பில் இறங்கினால் நடந்து போகிற தூரம்தான். அந்த மே மாதமே ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் மைதிலி பதில் எழுதினார். தலைப்பே ‘கீழ்வெண்மணியின் கனவான் கொலைகாரர்கள்’ என்றுதான் வரும். தீர்ப்பு இங்கிலீஷில் வந்தது, பதிலும் இங்கிலீஷில் போனது. வெண்மணியில் இருந்தவர்களுக்கு அந்தக் கட்டுரையைப் படிக்கத் தெரிந்திருக்காது, சரி. தீர்ப்பையும்தான் அவர்களால் படிக்க முடிந்திருக்காது. படித்தவர்கள் மத்தியில் அந்தத் தீர்ப்புக்குக் கேள்வி எழும்பாமல் போகக் கூடாது என்று ஒருவர் நினைத்ததில் என்ன தப்பு கண்டீர்கள்?

கட்சிக்காரர்தான், யார் மறைத்தார்கள்? மார்க்சிஸ்ட், மாதர் சங்கத் தலைவர், தொழிற்சங்கக்காரர். ‘ராடிகல் ரிவ்யூ’ என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார். உடன் இருந்தவர்கள் யார் தெரியுமா? பின்னாளில் ‘தி இந்து’ ஆசிரியரான என். ராம், மத்திய நிதியமைச்சரான ப. சிதம்பரம். மூவரும் அப்புறம் எந்தெந்தத் திசையில் போனார்கள் என்று உங்களுக்கே தெரியும். 1992-ல் தர்மபுரிப் பக்கம் வாச்சாத்தி மலைவாழ் பெண்களுக்குக் கொடுமை நடந்தபோதும் மாதர் சங்கத்தின் சார்பில் போய் உட்கார்ந்து வாக்குமூலங்களை எழுதி எடுத்தவர்களில் அவர் உண்டு. கட்சி இல்லாத நிருபர்கள் அன்றைக்கு எங்கே இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வீட்டு டிரங்குப்பெட்டிக் காகிதங்களையும் அவர் விடவில்லை. பதினோரு வயதில் கல்யாணமாகிப் பதினான்கில் தாயான பாட்டி சுப்புலட்சுமி எழுதி வைத்த டைரி, குறிப்புகளைக் கொண்டே ஒரு புத்தகம் எழுதினார். வெண்மணி உள்ளிட்ட கட்டுரைகளின் தொகுப்பு 2013-ல் வெளிவந்தபோது மறதி நோய் அவரைப் பிடித்திருந்தது. 2021 மே 30 அன்று கொரோனாவில் காலமானார்.

எங்கள் பட்டியலில் குறை உண்டுதான், ஒப்புக்கொள்கிறேன். அவர் பெயரை ஒன்பதாவதாகப் போட்டிருந்தோம்.