ஊசி இருக்கட்டும், முதலில் பூச்சியைப் பாருங்கள்

செப்டம்பர் கடைசியில் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் நடக்கும் கம்பளி வாரத் திருவிழாவுக்குப் போகிறீர்கள், விமானத்தில் பின்னல் ஊசியை விடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். அலமாரியில் இருக்கும் நூல்கண்டுகளில் ஓட்டை என்றும் போகிற போக்கில் சொன்னீர்கள். எனக்கு அந்த ஓட்டைதான் கவலை.

பறக்கிற அந்துப்பூச்சி கம்பளியைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்கிறது. கண்டுகளை உதறி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் 2 வாரம் வையுங்கள். எடுத்த உடனே பையைப் பிரிக்காதீர்கள், நூல் வியர்த்துவிடும். அலமாரி மூலைகளையும் துடையுங்கள். அதை விட்டுவிட்டு நான் ஒரு சால்வையைப் பறிகொடுத்தேன்.

சரி, ஊசி. மூங்கில் வட்ட ஊசியை, அதாவது இரண்டு முனைகளை வளையும் வடம் இணைக்கும் ஊசியை, பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், ஆனாலும் முடிவு சோதனை அதிகாரி கையில்தான். கண்ணிகள் வழியே ஒரு நூலைக் கோத்து வைத்துக்கொள்ளுங்கள், ஊசி போனாலும் பின்னல் அவிழாது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் துறைமுகத்திலிருந்து ஷெட்லாந்தின் லெர்விக் நகருக்கு இரவுக் கப்பலும் உண்டு, 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு காலுறையே பின்னிவிடலாம்!